பாலத்தடியில் மாடு

மே மாதம் இரண்டாவது வாரம் வெயில் நூற்றுப் பத்து டிகிரியைத் தொட்டது. ஹேமலதாவின் மாட்டுக்கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சினைமாடு அதன் அடியில் நுரை தள்ளி நின்றது. அதனால் தினமும் காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் அதை ஓடைக்கு ஓட்டிப்போய், சாலைப் பாலத்தடியில் நைலான் கயிற்றால் கட்டினாள். அங்கே நிழல் இருந்தது. ஓடையில் தண்ணீர் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதனூரில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மலைப்பக்கம் இடித்தது. ஊரில் ஒரு தூறலும் இல்லை. மூன்றரைக்கு ஓடையில் தண்ணீர் வந்தது, காவி நிறத்தில், ஒற்றைச் செருப்புகளோடு.

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் இறங்கிப் பார்த்தாள். மாடு முட்ட வந்தது. சினையானதிலிருந்து அது ஹேமலதாவைத் தவிர யாரையும் கிட்டே விடுவதில்லை. ஹேமலதாவின் மாமனார் சீனிவாசனுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். அவர் சாலையில் நின்று மாட்டைத் திட்டினார்.

கம்பெனியில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சம்பூர்ணம் கேட்டுக்குப் போன் செய்தாள். வாட்ச்மேன் கலீமுல்லா எடுத்தார்.

“ஹேமலதாவ அனுப்புங்க. மாடு தண்ணில நிக்குது.”

“மாட்டுக்கெல்லாம் உள்ள சொல்ல முடியாதும்மா. சாவுன்னா சொல்லலாம்.”

“கழுத்துக்கு வந்துடும்ங்க.”

“வந்தாலும் மாடுதானம்மா. இங்க ரூல் பேஜாரு.”

சம்பூர்ணம் போனைக் கையால் பொத்தினாள். “சாவு இருந்தாதான் உடுவாங்களாம்.”

“என்னயச் சொல்லு,” என்றார் சீனிவாசன்.

“உங்களயா மாமா?”

“பின்ன உன்னயா? நீதான் பேசிட்டிருக்கியே.”

சொன்னாள். கலீமுல்லா வருத்தப்பட்டார். எப்போது என்று கேட்டார். “இப்பதான்,” என்றாள்.

ஹேமலதா ஏப்ரனோடு அழுதுகொண்டே வெளியே வந்தாள். சாவு வீட்டுக்காரி என்பதால் கேட்டில் சோதிக்கவில்லை. நூல் வெட்டும் கத்தரி ஏப்ரன் பையிலேயே இருந்தது. ஆட்டோ பாலத்துக்கு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் குடையோடு நின்றார்.

“அழுதது போதும். மாட்டப் பாரு.”

இறங்கினாள். தண்ணீர் மார்பளவு. மாட்டின் கொம்பும் முகமும் மட்டும் மேலே தெரிந்தன. “ஏய், நான்தான்,” என்றாள். முடிச்சு அவிழவில்லை. கத்தரியால் இழை இழையாக வெட்டினாள். வெகுநேரம் ஆனது. கயிறு அறுந்ததும் மாடு அவளையும் இழுத்துக்கொண்டு ஊர்ப்பக்கக் கரையில் ஏறியது. ஏறியதும் சாணி போட்டது.

கால் மணி நேரத்தில் தண்ணீர் சாலைக்கு மேல் ஓடியது.

ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் அக்கரையில் வந்து நின்றது. அவள் வேலை செய்யும் லைனில் யார் வீட்டில் சாவு என்றாலும் ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் அதே பஸ்ஸில் மாலை போட வருவார்கள். முப்பது பெண்கள் இறங்கினார்கள். சூப்பர்வைசர் செல்வகுமார் ஆளுயர ரோஜா மாலையைத் தோளில் சுமந்திருந்தார். அவர் சீனிவாசனைப் பார்த்ததில்லை.

“பெரியவர எப்பம்மா எடுக்கறீங்க?” என்று தண்ணீருக்கு மேலாகக் கத்தினார்.

மாட்டைத் துவட்டிக்கொண்டிருந்த ஹேமலதா, கோணிச்சாக்கோடு நின்றாள்.

சீனிவாசன் குடையைச் சாய்த்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“தண்ணி வடியட்டும் சார்.”

செல்வகுமார் தலையாட்டிவிட்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்தார்.