பதினெட்டு சென்டிமீட்டர்

எங்கள் குளியலறைத் தரை மரத்தால் ஆனது. துபாயில் மரத்தரைக் குளியலறையா என்று வகுப்பில் சிரித்தார்கள். அல் குசைஸில் நாங்கள் இருக்கும் பழைய வில்லாவை ஒன்பது குடும்பங்களுக்காகத் தடுத்துப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குளியலறை வேண்டும். கழிவுக்குழாய்க்குச் சரிவு வேண்டும். அதனால் பழைய தரைமேல் மரச்சட்டம் அடித்து, குழாயை அதற்குள் ஓட விட்டு, மேலே பிளைவுட் போட்டு வினைல் விரிப்பை ஒட்டிவிட்டார்கள். உள்ளே போக, பொது நடைவழியிலிருந்து ஒரு படி ஏற வேண்டும். படியின் உயரம் பதினெட்டு சென்டிமீட்டர். மூன்று முறை அளந்தேன்.

பகலில் நான் கௌஸ் முகம்மது பாயின் கட்டுமானப் பொருள் கடையில் பில் போடுகிறேன். திங்களும் புதனும் மாலையில் பர் துபாயில் ஒரு மாடியில் நடக்கும் உள்கட்டமைப்பு வகுப்புக்குப் போகிறேன். ஜெயசீலன் சார் எல்லோரையும் வேலை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக்கு மூன்று பத்தி: செய்தது, அளந்தது, தெரியாதது. மூன்றாவது காலியாக இருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு அந்தக் கவலை வந்ததில்லை. என் நோட்டில் மூன்றாவதுதான் எப்போதும் நீளம்.

அப்பா ஜான் பீட்டர், கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டராக இருந்தவர். ஜனவரியில் பக்கவாதம் வந்தது. இடது கையில் அசைவு கொஞ்சம் திரும்பிவிட்டது. இடது காலில் இன்னும் திரும்பவில்லை. அம்மா ரெபேக்காள் நர்ஸ். பன்னிரண்டு மணி நேர டூட்டி. அப்பாவுக்காக எடுத்த லீவு மார்ச் பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. பதினாறிலிருந்து பகல் முழுக்க அப்பா தனியாக இருக்க வேண்டும்.

"கட்டிலுக்குப் பக்கத்துல சேர் வச்சிரலாம், அடியில பாத்திரம்" என்றாள் அம்மா. "வார்டுல தினமும் இருபது பேருக்கு எடுக்கேன். உங்களுக்கு எடுத்தா என்ன?"

"நீ டூட்டிக்குப் போயிருவ. சாயந்திரம் முதல்ல வீட்டுக்கு வாறது யாரு? ஷாஜினி. பொம்பளப் பிள்ளை எடுத்துக் கொட்டணுமா?"

"நான் எடுப்பேன்ப்பா" என்றேன்.

"நீ சும்மா கெட. என்னைய கொளச்சலுக்கு அனுப்பிரு ரெபேக்கா. சுசீலா வீட்டுல அவ மவன் உண்டு. ஆம்பளப் பய."

சுசீலா அத்தை அப்பாவின் தங்கை. அப்பா போனால் திரும்பி வருவது நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பதினாறாம் தேதிக்குள் அப்பா யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய் வந்துவிட்டால் இங்கேயே இருப்பார். இல்லையென்றால் டிக்கெட்.

பிசியோதெரபி செய்யும் ஜோஸ்மி முதல் நாளே கேட்டார், "வீட்டுல எந்தப் படி ஏறணும்? உயரம் சொல்லுங்க." பதினெட்டு என்றேன். கடையில் மிஞ்சிய பலகையை அறுத்து, அதே உயரத்துக்கு ஒரு பெட்டி செய்தேன். முதல் வாரம் பயிற்சி பெட்டியில் இல்லை, அதைவிடத் தாழ்வாக இரண்டு பைபிள்களின் உயரம்தான். ("ஆண்டவர் மேல கால வைக்கச் சொல்லுதியா?" என்று அப்பா மறுத்ததால் டெலிபோன் டைரக்டரிக்கு மாறினோம்.) ஆறு வாரம். மூன்றாம் தேதி காலையில் வலது கையால் சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பெட்டிமேல் வைத்துவிட்டார். பெருவிரல் விளிம்பை உரசித்தான் ஏறியது. ஆனால் ஏறியது.

பிரச்சினை குளியலறைப் படியும் ஏறிய பிறகுதான். குளியலறைக்குள் நின்றால் தரை அசைகிறது. கமோடு பக்கத்தில் பலகை ஊறிப்போய்க் காலடியில் இறங்குகிறது. நல்ல கால் உள்ளவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது. "படகுல நிக்க மாதிரி இருக்கு" என்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தரையை உறுதியாக்கி டைல்ஸ் போட்டுவிடுகிறேன் என்றேன். அந்தப் பருவத்துக்கு வகுப்பில் ஒரு செய்முறை வேலை காட்ட வேண்டியிருந்தது. அதையும் இங்கே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து பொய்யாகிவிடும்.

ஏழாம் தேதி. கடையில் ஒரு வாரம் லீவு. வினைலை உரித்தேன். பசையைச் சுரண்டினேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் பலகையை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்து, உள்ளே இறங்கிய இடத்தைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டேன். பதினோரு வட்டம். இந்த நாட்களுக்கு எதிர்வீட்டு ஜுலைஹா பீவி தன் குளியலறையைத் தந்தார். அங்கேயும் அதே படிதான், ஆனால் கம்பி இல்லை. அம்மா அப்பாவை இடுப்போடு அணைத்து ஏற்றினாள்.

எட்டாம் தேதி. ஊறிய பலகையை அறுத்து எடுத்தேன். கீழே சட்டங்கள் அறுபது சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தன. அதுதான் ஆட்டத்துக்குக் காரணம். நடுநடுவே குறுக்குக்கட்டை வைத்து இறுக்கினேன். குழாய் இருந்ததால் சட்டத்தை ஒரு நூல்கூடக் கீழே இறக்க முடியவில்லை. புதுப் பலகையை வைத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ அடித்தேன். சார் சொன்ன சோதனையைச் செய்தேன். தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, பக்கத்தில் நடந்தேன். தண்ணீர் லேசாக நடுங்கியது. சிந்தவில்லை. ஆனால் நடுங்கியது. டைல்ஸுக்கு இது போதாது என்று பாடத்தில் இருந்தது.

ஒன்பதாம் தேதி. பாய் வேனில் பொருள்களைக் கொண்டுவந்தார். கீழக்கரைக்காரர். கடையில் இருந்தாலும் வெளியே இருந்தாலும் குரல் ஒரே அளவுதான்.

"என்ன புள்ள இது, பாத்ரூமா, கப்பல் மேல்தட்டா? இத்தனை ஸ்க்ரூ அடிச்சிருக்கே?"

"பன்னெண்டு மில்லிமீட்டர் பிளைவுட் இன்னொன்னு போடணும் பாய். அதுக்கு மேல சிமென்ட் போர்டு. அப்புறம் வாட்டர்புரூஃப்."

"யா அல்லாஹ். எங்க வீட்டுக்குக்கூட இவ்வளவு போடல." குனிந்து வாசலைப் பார்த்தார். "உயரம் ஏறுமே. பாத்துக்கிட்டியா?"

"பாத்துட்டேன் பாய். கதவு தட்டும். அடியில மூணு சென்டி அறுக்கணும், குறிச்சு வச்சிட்டேன்."

"புத்திசாலி" என்றார்.

அன்று மாலையே கதவைக் கழற்றி அறுத்தேன். வெட்டு ஒரு மயிரிழைகூடக் கோணவில்லை. நோட்டில் 'அளந்தது' பத்தியில் எழுதினேன்: தரை உயர்வு, டைல்ஸோடு, மூன்று சென்டிமீட்டர். கதவு சரிசெய்யப்பட்டது. 'தெரியாதது' பத்தியில் எதை எழுதுவது என்று யோசித்து, ஈரக்காற்றில் பசை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதினேன்.

பத்தாம் தேதி இரண்டாவது பிளைவுட்டையும் அதன்மேல் சிமென்ட் போர்டையும் பசையில் பதித்து ஸ்க்ரூ அடித்தேன். இணைப்புகளில் டேப் ஒட்டினேன். பதினொன்றில் வாட்டர்புரூஃப், காலையில் நீளவாக்கில் ஒரு கோட், மாலையில் குறுக்குவாக்கில் ஒன்று. பன்னிரண்டாம் தேதி சாயந்திரம் தம்ளரை மறுபடி வைத்தேன். சுற்றி நடந்தேன். குதித்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

அப்பாவைக் கூப்பிட்டேன். காட்ட வேண்டும் என்ற ஆசைதான். ஜுலைஹா பீவியும் வாசலில் வந்து நின்றார்.

அப்பா வலது கையால் கம்பியைப் பிடித்தார். இடது காலைத் தூக்கினார். பெருவிரல் பலகையில் இடித்தது.

"செருப்பு தடுக்குது" என்று கழற்றினார்.

மறுபடி இடித்தது. மூன்றாவது தடவை இடுப்பையே சாய்த்துத் தூக்கிப் பார்த்தார். விரல் விளிம்பு வரை போய், அங்கேயே நின்று நடுங்கி, இறங்கிவிட்டது. நான்காவது தடவையில் அவர் சரிய, அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியில ஏறுறீங்கல்லா?" என்றாள் அம்மா. "இதுல என்ன?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். அளக்காமலே தெரியும். இருபது. டைல்ஸ் வந்தால் இருபத்தொன்று.

வேலை நடந்தபோது கதவின் அடியை அளந்தேன். கமோடின் உயரத்தை அளந்தேன். அப்பாவின் காலை அளக்கவில்லை. பதினெட்டு என்று ஜோஸ்மியிடம் சொன்னதே நான். பெட்டியை அறுத்ததும் நான்.

ஜுலைஹா பீவி, "முன்னால ஒரு பலகை வச்சு ரெண்டு படியா ஆக்கிடேன் மா" என்றார். அப்பா இரண்டு காலும் வைத்து நிற்க நாற்பது சென்டிமீட்டர் வேண்டும். நடைவழியின் அகலம் எண்பது. அதற்குள் வெளிப்பக்கமாகத் திறக்கும் ஜுலைஹா பீவி வீட்டுக் கதவுக்கு எழுபது வேண்டும். நான் அளந்து முடித்ததைப் பார்த்துவிட்டு, "எங்க கதவக் கழட்டிட்டுத் திரை போட்டுக்கிறோம்" என்றார். சொல்லும்போதே ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் மகள் அஃப்னாவும் அவள் தங்கையும் இருந்தார்கள்.

"வயசுப் பிள்ளைங்க இருக்க வீட்டுக்குக் கதவு இல்லாம முடியுமா?" என்றார் அப்பா. "வேண்டாம் உம்மா. நீங்க சொன்னதே போதும்."

பாய்க்குப் போன் செய்தேன். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். "ஒட்டினது ஒட்டினதுதான் புள்ள. பேத்தா கீழ்ப்பலகையும் சேந்து வரும். மறுபடி முதல்ல இருந்து."

பதின்மூன்றாம் தேதி உளியை வைத்துப் பார்த்தேன். போர்டு உள்ளங்கை அளவுத் துண்டுகளாக உடைந்தது. ஒவ்வொரு துண்டோடும் பிளைவுட்டின் மேல்தோல் கிழிந்து வந்தது. மதியத்துக்குள் ஒரு கோரைப்பாய் அகலம்கூட ஆகவில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு மக்களே."

"ரெண்டு சென்டிதான்ப்பா."

"என் காலுதான் சரியில்ல. ஒன் தரையில குத்தம் இல்ல. நல்ல உறுதியா இருக்கு, கேட்டியா? வெல்டு வச்ச மாதிரி இருக்கு."

அதுதான் தாங்க முடியாமல் போனது. எட்டாம் தேதி சாயந்திரமே, தம்ளரில் தண்ணீர் லேசாக நடுங்கியபோதே, புது வினைல் ஒட்டியிருந்தால் போதும். பதினெட்டு பதினெட்டாகவே இருந்திருக்கும். அப்பா நிற்பதற்கு அந்த உறுதி போதும். டைல்ஸுக்குத்தான் போதாது. டைல்ஸ் யாருக்கு வேண்டியிருந்தது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

பதினான்காம் தேதி அம்மா டிக்கெட் எடுத்தாள். சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்தாள். ஜோஸ்மியிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, இன்னும் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தால் இருபத்தொன்றும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். எங்களிடம் இருந்தது இரண்டு நாள்.

பதினைந்தாம் தேதி காலை, விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன், அப்பா கூடத்தில் பெட்டிமேல் கால் வைத்தார். ஒரு தடவை, இரண்டு, மூன்று. ஒரு தடவைகூட விரல் உரசவில்லை. நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த திங்கள் வகுப்பில் ஜெயசீலன் சார் என் நோட்டைப் புரட்டினார். இடைவெளி, ஸ்க்ரூ தூரம், கோட்டுகளின் திசை, கதவு வெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் சரி போட்டார். "செய்முறை ரொம்ப நல்லா இருக்கு ஷாஜினி. டைல்ஸ் எப்போ?"

"தெரியல சார்" என்றேன்.

அதை மூன்றாவது பத்தியில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினேன். உங்கள் வீட்டுக் குளியலறைக்குப் படி உண்டா? உயரம் எவ்வளவு? உடனே பதில் வந்தது. "ஒரே ஒரு படிதான் மக்களே. ஒரு சாண் இருக்கும்."

என் கையை விரித்துப் பார்த்தேன். என் சாண் பத்தொன்பது. அத்தையின் கை என் கையைவிடப் பெரியதா, சின்னதா, ஞாபகம் இல்லை. டேப் வைத்து அளந்து சொல்லுங்கள் என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.