சாம்பல் கோட்டும் ஊதாக் காலரும்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று இருந்தவர்கள் நான்கு பேர். சன்னல் பக்கம், தையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. அவளுக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே அத்தான். பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர், கிரீஸ் படிந்த சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கதவோர முக்காலியில் காலை மடித்தபடி அக்கா மகள். மேசையின் தலைப்பக்கத்தில், அழைப்பிதழை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, யாருக்காக இந்தக் கூட்டம் கூடியதோ அவள். அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் சித்தி. முதலில் அக்கா மகள்தான் அப்படிக் கூப்பிட்டாள். பிறகு அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. இப்போது அத்தானும் கூச்சமில்லாமல் “சித்தி, உப்பை இப்படித் தள்ளு” என்கிறார்.

சித்திக்குக் குடைக் கம்பெனியின் கடிதப் பிரிவில் வேலை. காற்றில் குடை மல்லாந்துவிட்டது, கைப்பிடி கையோடு வந்துவிட்டது என்று குறை எழுதுகிறவர்களுக்கு அவள்தான் பதில் எழுதுவாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதல் பத்தியில் நடந்தது என்ன. இரண்டாவதில் தவறு யாருடையது. மூன்றாவதில் இனி என்ன செய்யலாம். இந்த மூன்றுக்குள் அடங்காத குடையை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பிரிவின் தலைவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறார். அவர் நாற்காலி சித்திக்கு வேண்டும். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாற்காலியின் பக்கமாக நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடும். முதலாளி பந்தயக் குதிரை வைத்திருந்தார். அது ஓடுகிற சனிக்கிழமைக்குக் கடிதப் பிரிவிலிருந்து இரண்டே பேரைக் கூப்பிட்டிருந்தார். ஒருத்தி சித்தி. இன்னொருவன் பக்கத்து மேசைக்காரன், ‘நெட்டை’ என்று பெயர் வாங்கியவன். ஆளை நாலு பேர் நடுவில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி பதவி கொடுப்பார் என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

அழைப்பிதழின் கடைசி வரி, ‘இடத்துக்குப் பொருத்தமான உடையில் வரவும்’ என்றது. எந்த இடம், எதற்குப் பொருத்தம் என்று அது சொல்லவில்லை.

தொப்பி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்றார் அத்தான். அவர் பந்தயத்தைப் பார்த்தது மதில் சுவருக்கு வெளியே பேருந்து நின்றுபோன ஒரு நாளில். புதுசாக ஒன்று வாங்கிவிடலாமா என்று அக்கா இழுத்தாள். புதுசு வாங்கினால் புதுசு என்று தெரியும், அதைவிடக் கேவலம் இல்லை என்று மகள் அடித்துச் சொன்னாள். துணிக்கடையில் பகுதி நேரமாக வேலை பார்த்ததிலிருந்து அவளுக்கு இந்த விஷயத்தில் நாக்கு நீளம்.

“ஆள் பாதி ஆடை பாதின்னு சொல்வாங்க,” என்றார் அத்தான். “ஆள் இருக்கு. பாதி வேலை முடிஞ்சுது.”

“மீதிப் பாதியைத்தான் காணோம், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் அக்கா.

கடைசியில் மகள் சொன்னதே எடுபட்டது. கையைக் கடிக்காமல் பளிச்சென்று உடுத்த அவளிடம் ஒரே சூத்திரம் இருந்தது. தைப்பு நன்றாக இருக்கிற பழைய உடை ஒன்று. அதன்மேல் கண்ணைப் பறிக்கிற பொருள் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சித்தியிடம் சாம்பல் நிறக் கோட்டும் அதற்கேற்ற நீளப் பாவாடையும் இருந்தன. அக்கா அவற்றைப் பிரித்து இடுப்பைப் பிடித்தாள், பித்தான்களை மாற்றினாள், முழங்கை தேய்ந்த இடத்தை உள்ளிருந்து தைத்தாள். கண்ணைப் பறிக்கிற பொருளுக்காகச் சித்தியும் மகளும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தையல்காரரிடம் போனார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை அவர் எடை போட்டு விற்பார்.

மூட்டைக்குள் கைவிட்டதும் மகள் இழுத்தது ஒரு பட்டுத் துண்டு. அடர்ந்த ஊதா, அதில் சாய்சதுரமாக மஞ்சள் வைரக் கட்டம். அந்த இருட்டுக் கடையில் அது விளக்கு மாதிரி எரிந்தது.

“இது வேற எங்கயும் கிடைக்காதும்மா,” என்றார் தையல்காரர். “ஒருத்தருக்குன்னே தனியா சாயம் போட்டது.”

வேறு யாரிடமும் இருக்காது என்பதைவிட ஒரு துணிக்கு என்ன பெருமை வேண்டும்? இருவருக்கும் வாயெல்லாம் பல். யாருக்காகச் சாயம் போட்டது என்று இருவருமே கேட்கவில்லை. அந்தத் துண்டில் கோட்டுக்குக் காலர் ஆயிற்று, மீந்ததில் தொப்பிக்குப் பட்டை ஆயிற்று. தொப்பி அத்தானின் அக்காவிடம் இரவல்.

சனிக்கிழமை மைதானத்தின் வாசலிலேயே குழப்பம் ஆரம்பித்தது. காவலாளி அழைப்பிதழைக்கூட வாங்கிப் பார்க்காமல் சல்யூட் அடித்து, இடது பக்கப் படிகளைக் காட்டினான். அழைப்பிதழில் வலது பக்கம் என்று இருந்தது. இவள் அதைச் சொன்னதும் அவன் காலரைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், உங்கள் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டான். படியேறும்போது, அறிமுகமே இல்லாத ஒருவர் குனிந்து காதருகே கேட்டார்:

“குதிரை இன்னைக்கு எப்படிம்மா?”

கேட்டால் பதில் சொல்வது அவள் தொழில். “நல்லாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்,” என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, பணம் கட்டுகிற சன்னலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். எந்தக் குதிரையைக் கேட்டார் என்று சித்தி பாதிப் படியில் நின்று யோசித்தாள்.

மேலே முதலாளியின் மனைவி இவளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு காலரில் இடறி நின்றுவிட்டது. பிறகு தன் நாற்காலியை ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். முதலாளி வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார். காலரில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று சித்தி தடவிப் பார்த்தாள். நெட்டை வாடகைக் கோட்டில் வந்திருந்தான். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. அவனைப் பார்த்து யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. பொருத்தம் என்றால் என்னவென்று அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிச்சயமும் அப்போது போய்விட்டது.

குதிரைகள் ஓடின. புழுதியும் கூச்சலுமாக எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோயிற்று. ஆனால் முதலில் வந்த குதிரையின் முதுகில் அவள் தன் காலரைப் பார்த்தாள். ஊதா, மஞ்சள் வைரக் கட்டம், ஜாக்கியின் சட்டை முழுக்க. வெயிலில் கண் ஏமாற்றுகிறது என்று தொப்பியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஜெயித்த பணத்தை வாங்கச் சன்னலுக்குப் போகும் கூட்டம் அவளையும் சேர்த்துக் கீழே தள்ளிக்கொண்டு போனது. அங்கே, ஜெயித்த குதிரைக்குப் பக்கத்தில், நரைத்த தலையும் கனத்த உடம்புமாக ஓர் அம்மாள், இவள் காலரைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நம்ம லாயத்து ஆளா? அங்க ஏன் நிக்கிற, இப்படி வா.”

இல்லை என்று சொல்வதற்குள் ஒரு பக்கம் அந்த அம்மாள், மறுபக்கம் வியர்த்து மூச்சிரைக்கும் குதிரை, எதிரே கேமரா. மேல் மாடத்தில் முதலாளி பைனாகுலரை மைதானத்திலிருந்து மெதுவாகத் திருப்பி, இவள் மேல் நிறுத்தினார்.

திரும்பும் பேருந்தில் நெட்டைதான் விளக்கினான். குதிரைச் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டாம். ஜாக்கி அதைத்தான் போடுவானாம். வேண்டியவர்களும் அதில் ஏதாவது ஒன்று அணிவார்களாம். முதலாளிக்குப் பச்சையும் வெள்ளையும். ஊதாவும் மஞ்சளும் அந்த அம்மாளுடையது. முதலாளிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். “எதிரி வீட்டுக் கொடியைக் கழுத்துல கட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க,” என்றான், வருத்தப்படுவதுபோல. மறுநாள் போய்க் கேட்டால் தையல்காரரோ, தான் ஜாக்கிகளுக்குத் தைப்பது தெருவுக்கே தெரியும் என்றார். “தலையணை உறைக்குன்னு நினைச்சேன். நீங்க சொல்லலையே.”

திங்கட்கிழமை மேசைமேல் முதலாளியின் சீட்டு ஒன்று கிடந்தது. ‘சனிக்கிழமை உடை குறித்து எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ கோபமா, விசாரணையா, கேலியா? எத்தனை தரம் படித்தாலும் அந்த வரி முகம் காட்டவில்லை.

மாலையில் மேசையைச் சுற்றி மறுபடியும் அதே நான்கு பேர், அதே இடங்களில். யாரோ பரிசாகக் கொடுத்த துணி என்று எழுதச் சொன்னார் அத்தான். மன்னிப்புக் கேட்டு எழுது, நாற்காலியாவது ஒன்றாவது, இருக்கிற வேலை நிலைத்தால் போதும் என்றாள் அக்கா. மகளுக்கு உறுத்தியது. துணியைப் பொறுக்கியது தன் கைதானே. பிறகு மெல்லக் கேட்டாள்:

“அந்த நாற்காலி வேணும்னு அவர்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா சித்தி?”

“சொல்லாமலே தெரியணும்னுதானே இத்தனை தையல்,” என்றாள் சித்தி. சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. எழுந்து பேனாவை எடுத்தாள்.

முதல் பத்தி: கடையில் துண்டுத் துணி வாங்கினேன், காலர் தைத்தோம், யாருடைய நிறம் என்று தெரியாது. இரண்டாவது: தவறு என்னுடையது, துணியைக் கேட்டேன், கதையைக் கேட்கவில்லை. மூன்றாவதில் பேனா நின்றது. குடைக்கு என்றால் ‘திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்’ என்று கை தானாக எழுதும். சனிக்கிழமையை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவது? மேசைமேல் கிடந்த கோட்டைப் பார்த்தாள். அக்கா காலரை ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தாள். காலர் போனாலும் கோட்டு கோட்டாகத்தான் இருந்தது.

எழுதினாள்: ‘காலரை மாற்றிவிடலாம், கோட்டு என்னுடையது. கடிதப் பிரிவின் தலைமைப் பொறுப்பு எனக்கு வேண்டும். இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லும் வேலையை உடையிடம் விட்டது பிசகு.’

அக்கா படித்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். இதற்கு அவர் சிரிப்பாரா, வேலைச் சீட்டைக் கிழிப்பாரா என்று அத்தான் கேட்டார். தெரியவில்லை என்றாள் சித்தி, உண்மையாகவே தெரியவில்லை. கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள், ஓரத்தில் பசை தடவி உள்ளங்கையால் அழுத்தினாள், சாம்பல் கோட்டைக் காலர் இல்லாமலே மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். தபால் பெட்டியின் வாயில் உறை ஒரு கணம் சிக்கி நின்றது. விரலால் தள்ளினாள், உள்ளே விழுந்தது.