தாடைக்குக் கீழே கை

பக்கவாதத்தில் மிஸஸ் ஹார்லனுக்கு வாசிக்கும் திறன் போய்விட்டது என்று அவர் மகன் அழைத்து வந்தபோது, என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இழந்த வாசிப்பை மீட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. இந்த அமெரிக்க நகரமான டொலீடோவில் அவருக்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் அவர் என் ஆசிரியை. நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை கையில் இடிக்கிறதோ, சொல்லில் அத்தனை துண்டு, அதாவது அசை. இங்கே எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். ஆனால் இவர், துண்டு தப்பினால் கையை எடுக்க விடமாட்டார். மற்றவர்கள் சாப்பிடுகிற கூடத்தின் நடுவில் அப்படியே நிறுத்திவிடுவார். பெரும்பாலும் நின்றவள் நான்தான்.

இப்போது என் பெயர் அட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டேன். நான் யாரென்று அவரே கண்டுபிடித்துக் கூசிப்போக வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

அவர் அன்று என்னைத் திட்டிய சொல்லையே எழுதிக் காட்டினேன். 'அன்கோஆப்பரேட்டிவ்'. ஒத்துழைக்காதவள்.

"கையை வைங்க. முதல் துண்டு 'அன்'. இல்லைன்னு அர்த்தம். அடுத்தது 'கோ'. சேர்ந்துன்னு அர்த்தம். மிச்சத்தை நீங்க உடைங்க."

திக்கினார். வாயோரம் எச்சில் வழிந்தது. கதவை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாதியில் நின்றுபோனார்.

"நல்லா சொல்லிக் குடுக்கற கண்ணு. உன் டீச்சர் யாரு?"

"நீங்கதான். என் பேர் தெரியுதா?"

வெகுநேரம் பார்த்தார். "தெரியலையேம்மா. எல்லாமே போயிடுச்சு."

அந்த நோய் எனக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துத் தின்றுவிட்டிருந்தது.

"கையை எடுக்கட்டுமா? வலிக்குது."

"முழுசா சொல்லி முடிங்க. அதுவரைக்கும் எடுக்கக் கூடாது."

மதியம் ஆகியிருந்தது. அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, என் சாண்ட்விச்சை நிதானமாகத் தின்னத் தொடங்கினேன். அவர் என் வாயைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். தன் தாடையின் கீழிருந்த கையைக் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"டெ... னீஸ்."

என் பெயர். தாடை இரண்டு தடவை கையில் இடித்தது. கண்ணீர் அந்தக் கையில் சொட்டியது.

சரியாகத்தான் உடைத்தார். கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிச்சத்தையும் தின்று முடித்தேன்.