அவர் எந்த நாட்டுக்காரர்

சட்டத்துக்கும் சில நேரம் கிறுக்குப் பிடித்துவிடுகிறது. திரைச்சீலைக் கடைக்காரியின் புருஷன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே செத்துப்போனான். அவன் விட்டுப்போன சேமிப்பு அந்த நாட்டுச் சட்டப்படி முழுக்க மனைவிக்கு. இந்த நாட்டுச் சட்டப்படி, பிள்ளை இல்லாததால், அவன் தம்பிக்கும் பாதி. எந்தச் சட்டம் செல்லும்? அவன் எந்த நாட்டில் கடைசிவரை குடியிருக்க நினைத்திருந்தானோ அந்த நாட்டுச் சட்டம்தானாம். செத்தவன் மனசுக்குள் யார் போய்ப் பார்த்துவிட்டு வருவது?

முழுதும் வந்தால் கடை தப்பும். பாதி வந்தால் கடையை மூடிவிட்டு அக்கா வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"அவர் திரும்பி வர நெனைக்கலன்னு காட்டணும், அக்கா. அப்பதான் அந்த நாட்டுச் சட்டம் வரும்" என்றாள் அவளுடைய வக்கீல்.

நன்றாகச் சொன்னாள் போ. 'இதோ வந்துடுவார்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளே இவள்தானே! கதவில் அவன் பெயர்ப்பலகைக்கு வருடாவருடம் வர்ணம் அடித்தாள். ஓட்ட ஆளில்லாத சைக்கிளுக்கு எண்ணெய் போட்டாள். குடியிருப்புச் சங்கத்தில் அவன் பெயரை நீக்கப் பார்த்தபோது செயலாளரிடம் மல்லுக்கு நின்றாள். அதே செயலாளர் இன்று கூண்டில் ஏறி, மனிதர் ஒன்று விடாமல் ஒப்பித்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அடுத்து அவள் முறை. எதிர்த்தரப்பு வக்கீல் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"உங்க கணவர் திரும்பி வருவார்னு நீங்கதான எல்லாருக்கும் சொன்னீங்க?"

"ஆமா."

"அவர் உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

உண்மையைச் சொன்னால் கடை மிஞ்சும். ஆனால் புருஷனுக்காகக் காத்திருந்தவள் என்ற பெயர், அவளுக்கென்று இருந்த அந்த ஒரே பெயர், இந்த அறையிலேயே போய்விடும். பின்வரிசையில் வழக்குப் போட்ட கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்காமல், நீதிபதியின் மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லைங்க. வெளிநாடு போன ரெண்டாவது வருஷமே போன் பண்ணி, 'நான் வரமாட்டேன், எனக்காக காத்திருக்காத'ன்னுட்டார். நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு."

வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் வழக்கில் சத்து எங்கே இருக்கிறது? வெளியே வராந்தாவில் அவள் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். இவள் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த களை முகத்தில் துளியும் இல்லை.

கொழுந்தன் வந்து சற்றுத் தள்ளி நின்றான்.

"அண்ணி, எங்கிட்டயும் அண்ணன் அதையேதான் சொன்னான். அப்பவே."

அவள் நிமிர்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம். மனசொடிஞ்சு போயிடுவீங்கன்னு, நீங்க வருவார்னு சொல்றப்பல்லாம் நாங்களும் தலையாட்டினோம். அப்புறம் கஷ்டம் வந்து கேஸ் போட்டப்ப, அந்தப் பேச்சையே பிடிச்சுக்கிட்டேன். தப்புதான்."

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"நெனச்சோம்னா? வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்க அக்காவுக்குத் தெரியும். எங்க அம்மாவுக்கும் சாகறதுக்கு முன்னாடி தெரியும். செயலாளர்கிட்ட நான்தான் சொன்னேன், பேரை எடுத்துடாதீங்கன்னு."

அவ்வளவு பேருக்கும் தெரிந்திருந்தது. அவளும் வருடக்கணக்கில் அவர்களிடம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழுதிருக்கிறாள்.

"ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "ஒரு நாளாவது யார் பக்கத்துலயாச்சும் உட்கார்ந்து அழுதிருப்பேனே."