மூலையைப் பிடிக்கும் கை

மெஷின் விற்கிறவன் எவனும் உண்மை பேசி நான் கேட்டதில்லை. அவன் காட்டுகிற கட்டையில் சோதித்துப் பார்த்தால் எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான். அதனால் என் கையால் அறுத்த சட்டக் கட்டைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மூலை நேராக நிற்கிறதா என்று பார்க்கிற மூலைமட்டமும் என்னுடையதுதான். அடுத்தவன் மட்டத்தை எப்படி நம்புவது?

மெஷின் வேண்டியது என் மனைவியின் கைக்குப் பதிலாக. படத்துக்குச் சட்டம் போடுவது எங்கள் பிழைப்பு. கட்டைகளின் முனையை நான் சாய்வாக அறுப்பேன். அவள் பசை தடவி, ரெண்டு முனையையும் மூலையாகச் சேர்த்து, கட்டை விரல்களால் இறுக்கிப் பிடிப்பாள். நான் ஆணி அடிப்பேன். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். நடுவில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. நான் அறுத்துக் கொடுத்த முனையை உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுக்காமல் விட மாட்டாள்.

"நான் அறுத்ததுல என்னடி குறை கண்டே?" என்று கத்துவேன்.

"குறையெல்லாம் இல்லீங்க. பிசிறு எடுக்கறேன்" என்பாள்.

இப்போது அந்த விரல்கள் ரெண்டும் அடிமூட்டில் வீங்கிப் புடைத்து நிற்கின்றன. தம்ளர் நழுவுகிறது. இன்னும் அழுத்திப் பிடித்தால் தலை வாரச் சீப்புகூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் பேச்சை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அவள் முழங்கையால் கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளியதைப் பார்த்தேன். நம்பினேன்.

மாப்பிள்ளைதான் வண்டியில் கூட்டிப் போனார். கடையில் கழுத்துப் பட்டை, அதான் டை, கட்டிய ஒருவன் காலால் மிதிக்கிற மெஷினைக் காட்டினான். ரெண்டு முனையையும் சேர்த்து வைத்து மிதித்தால், அடியிலிருந்து வளைந்த ஆணி ஏறி மூலையைக் கவ்விக்கொள்ளுமாம். என் கட்டையை வைத்து மிதித்தான். மூலையில் நகம் நுழைகிற இடைவெளி.

"உன் மெஷின் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது" என்றேன்.

அடுத்தது காற்றில் ஓடுகிற மெஷின். அதிலும் அதே இடைவெளி.

"காத்தடிக்கிறதெல்லாம் பலூனுக்குத்தான் லாயக்கு."

"மாமா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. அசந்தா நம்ம தலையில மிளகாய் அரைச்சிருவான்."

பட்டை கட்டியவன் கோபப்படவில்லை. "ஐயா, எங்க கட்டையை ஒரு தடவை வெச்சுப் பாருங்களேன்."

"உன் கட்டை உன் பக்கம்தானே சாட்சி சொல்லும்?"

ஆனாலும் வைத்தான். மிதித்தான். மூலை ஒரே மரமாக வளர்ந்தது போல் இருந்தது. விரலால் தடவினேன். சேர்ந்த இடம் அகப்படவில்லை.

நான் அறுத்த ரெண்டு முனைகளைச் சேர்த்து என் மூலைமட்டத்துக்குள் வைத்தேன். முனை பொருந்தினால் மட்டத்தில் உட்காரவில்லை. மட்டத்தில் உட்கார வைத்தால் முனை விலகியது. வேறு ரெண்டு வைத்தேன். அதுவும் அப்படியே. கொண்டுவந்தது அத்தனையும் அப்படியே.

கோடு போட்டுக் கண்ணால் பார்த்து அறுக்கிறவன் நான். மங்கின பார்வை இனித் திரும்பாது என்று போன வருஷம் கண் டாக்டர் சொன்னபோது, சொட்டு மருந்து விற்கப் பார்க்கிறான் என்று எழுந்து வந்தவன்.

"இந்தக் கட்டையை வெச்சுகிட்டு உங்க கடையில எப்படிங்கய்யா மூலை சேருது?" பட்டை கட்டியவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அத்தை தேய்ச்சு... பசை பிடிக்கிற வரைக்கும் முறுக்கிப் பிடிப்பாங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் மாமா."

"அப்போ முதல்ல வெட்டுற மெஷின் வாங்குங்கய்யா" என்று பட்டை கட்டியவன் இன்னொரு பக்கம் கூட்டிப் போனான். "இந்த அளவுக் கோட்டுல வெச்சா வெட்டு தப்பாது. கோடு தெரியுதா?"

குனிந்தேன். சாம்பல் பூசினது போல் இருந்தது.

"தெரியுது."

"எந்த நம்பர்ல நிக்குதுன்னு சொல்லுங்க."

கட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மாப்பிள்ளை எங்கள் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அவள் கடைக்குள் வெந்நீரில் கைகளை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்த மெஷின் பிடிச்சுது?"

"எல்லாம் ஏமாத்து வேலை."

"நினைச்சேன்." கைகளைத் துடைத்துக்கொண்டாள். "மெஷினுக்கு அவ்வளவு பொறுமை இருக்காதுங்க. சட்டம் போடக் கொடுத்த புதுஜோடி படம் வாங்க இன்னிக்கு வருவாங்க. கட்டையைக் கொண்டாங்க."

"வேணாம். விடு. கடையை மூடிடலாம்."

"மூடிட்டு? நாள் பூரா வீட்டுல உக்காந்து என்னைத் திட்டவா?" உப்புத்தாளை எடுத்துவிட்டாள்.

"பிசிறா?" என்றேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் அறிந்துகொண்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பிசிறுதான்" என்றாள்.

பசை தடவினாள். மூலையைச் சேர்த்து, விரல்களைக் கொடுத்து முறுக்கினாள். வீங்கின மூட்டு வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அடிங்க. பசை காயுது."

சுத்தியலைத் தூக்கினேன். ஆணி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் விரல்கள் தெரிந்தன.

அந்த விரல்களுக்கு நடுவே பார்த்து அடித்தேன்.