நடையா, பஸ்ஸா

ஐதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் மகள் சிநேகா நச்சரித்துக்கொண்டிருக்கிறாள், நாங்கள் வந்து நாலு நாள் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். வாட்ஸப்பில் லிங்க்காக அனுப்பித் தள்ளுகிறாள். சார்மினார் சந்துகளில் காலை நடை, இரானி டீ குடித்துக்கொண்டே ஒரு நடை, கோல்கொண்டா கோட்டைக்கு ஒரு நடை. எல்லாமே நடை. கூடவே ஒரு கைடு வந்து கதை சொல்வாராம். எனக்குக் கதை வேண்டாம் தாயே, ஏசி பஸ் போதும். ஏறினோமா, உட்கார்ந்தோமா, ஜன்னல் வழியாகப் பார்த்தோமா, இறங்கினோமா என்று இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஜெரோமுக்கு அது ஆகாது. "பஸ்ஸுல போனா எல்லாம் ஓடிப்பூடுது ஜெனி. அது இன்னான்னு நான் கண்டுபுடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. நின்னு பாக்கணும்" என்பார்.

அவருக்குக் கிளாக்கோமா. ஓரப் பார்வை போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரைக் கேட்டால் "லேசா மங்கல்" என்பார். அந்த லேசான மங்கலுக்கு வேளை தவறாமல் மருந்து விடுவது நான். தெருவில் இறங்கினால் பள்ளம், படி, மாடு, பைக் என்று சொல்லிக்கொண்டே போவதும் நான். கையைக் கொடுத்தால் மட்டும் உதறிவிடுவார். ஒரே ஒரு நாள் எதையும் கவனிக்காமல் கைவீசி நடக்க மாட்டோமா என்று எனக்கு இருக்கும். அவ்வளவு அலுத்துப்போய்விட்டது. இதில் தெரியாத ஊர் நெரிசலில் வேறு இவரை மேய்க்க வேண்டுமா?

கடைசியில் பந்தயம் கட்டினோம். மாமல்லபுரத்திலும் இப்படிக் கைடோடு நடக்கிற சுற்றுலா உண்டு, செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அதில் என் கையைப் பிடிக்காமல் கடைசிவரை வந்துவிட்டால் ஐதராபாத்திலும் நடை. பிடித்தால் பஸ்.

சனிக்கிழமை காலை போனோம். கைடு துர்காதேவி என்கிற பெண். கூட பெங்களூரிலிருந்து வந்த ஒரு கூட்டம். அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடிப் பிடித்தார். "பூனை ஜெனி! ரெண்டு கையையும் தூக்கிக்கினு நிக்குது பாரு!" என்று கத்தினார். நான் எங்கே பூனையைப் பார்த்தேன்? அவர் காலடியில் கிடந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மனுஷன் என் கையைத் தொடவே இல்லை. வெண்ணெய் உருண்டைப் பாறை வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டார். போச்சு, ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே என்று நினைத்தேன். துர்காதேவி எல்லாரையும் நிழலில் கொஞ்சம் உட்காரச் சொன்னாள்.

ஜெரோம் ரிட்டயர் ஆகும்வரை கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போய் வந்தவர். அந்த பஸ்ஸில் சீட்டில் ஒரு கர்ச்சீப் கிடந்தால் போதும், மேலதிகாரியே வந்தாலும் அங்கே உட்கார மாட்டார். அந்தப் பழக்கம் இவரை விடவில்லை. கல்யாணப் பந்தியோ கோயில் திருவிழாவோ, முன்னால் ஓடிப்போய் எனக்கு ஒரு கர்ச்சீப் போட்டுவிடுவார். எனக்கு முழங்கால் வலி, நிற்க முடியாது.

அன்றைக்கும் ஓடினார். மரத்தடியில் இருந்த கறுப்புக் கல்லின்மேல் கர்ச்சீப்பை வீசி, "ஜெனி, வா! இடம் போட்டாச்சி!" என்றார்.

கல் எழுந்தது. கறுப்பு நாய். முதுகில் கர்ச்சீப்போடு சோம்பல் முறித்துவிட்டு நடந்து போனது. இவர் வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்து எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஜெரோமும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதமாக, நாய் போகாத பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டார். "அது இன்னா ஜெனி?"

"நாயி."

காற்றில் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி. பஸ்ஸே போடச் சொல்லு."

ஜெயித்துவிட்டேன். தூ, இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? தனக்கே தரை தெரியாத மனுஷன் எனக்கு இடம் பிடிக்க எதற்கு ஓட வேண்டும்? திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கையை விடாமலே சிநேகாவுக்கு போன் போட்டேன்.

"எதும்மா புக் பண்ணட்டும்?"

"நடையே போடு. சின்னக் கூட்டமா, மெதுவா போறதா பாரு. அப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியாது, அம்மா கையப் புடிச்சிக்கினுதான் வருவாருன்னு கைடுகிட்ட மொதல்லயே சொல்லிடு."

ஜெரோமின் விரல்கள் விறைத்தன. உதறப் போகிறார் என்று நினைத்தேன். உதறவில்லை.

"கோட்டைய எடுத்துடச் சொல்லு" என்றார். "படி எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. எதிரே புல்லில் நாய் உதறிவிட்டுப் போன கர்ச்சீப் கிடந்தது. போய் எடுக்க வேண்டுமானால் அவர் கையை விட வேண்டும். கிடந்துட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.