இடுப்பால் இடித்தால் கிளம்பும் கார்

எங்கள் கார் நின்றுபோகும். ஒரேயடியாக நின்றுபோனால் அதற்குப் பெயர் ரிப்பேர், யாராவது சரிசெய்துவிடுவார்கள். இது அந்த ஜாதியில்லை. சமர்த்தாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று இரண்டு தடவை செருமும், ஒரு குலுக்குக் குலுக்கும், அப்புறம் அமைதி. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, இதெல்லாம் நான் யோசித்துச் செய்வதுதான் என்பதுபோல ஒரு முகம் வைத்துக்கொள்வேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று நாள் முழுக்கக் கேட்பேன். என் மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி. “தண்ணி வருதும்மா, ஆனா வரல” என்று அழைப்பவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே கேள்விதான்: “தொட்டியில தண்ணி இருக்கானு ஏறிப் பாத்தீங்களா?” பாதிப் புகார்கள் அந்தக் கேள்வியிலேயே உயிரை விட்டுவிடுமாம்.

கார் நின்றாலும் அவளுக்கு அதே கேள்விதான். பெட்ரோல் முள்ளை அவள் நம்பமாட்டாள். அதில் நியாயம் இருந்தது. டாங்க் வழிந்தாலும் காய்ந்தாலும் அந்த முள் பாதியிலேயே நிற்கும், எந்தப் பக்கமும் பேசாமல் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளும் அதிகாரி மாதிரி. அதை நம்பி நான் ஒரு தடவை அவளை நட்டநடு மேம்பாலத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆகவே கார் நின்றதும் இறங்குவாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்ரோல் மூடியைத் திறப்பாள். காதைக் கிட்டே கொண்டுபோய், காரின் பக்கவாட்டில் இடுப்பால் ஓர் இடி. உள்ளே களக், களக் என்று சத்தம் வரும். “இருக்கு” என்று மூடிப் பூட்டிவிட்டு வந்து உட்காருவாள். நான் சாவியைத் திருப்புவேன். கார் கிளம்பிவிடும்.

“பாத்தியா? கொஞ்ச நேரம் ஆறவிட்டா போதும்னு சொன்னேன்ல” என்பேன். என் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்றே நம்பினேன்.

தனியாகப் போகும்போது நின்றால்தான் என் பொறுமைக்கு மதிப்பே இருக்காது. கடையிலிருந்து அவளை அழைத்துவரப் போகும் வழியில், ஓடும் மனம் காருக்கு வரும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அலுவலக வாசலில் கடைசி ஆளாக நிற்பவள் ஏறியதும், “இன்னிக்கு எங்க நின்னுச்சு?” என்பாள். ஏன் நின்றது என்று கேட்கும் கட்டத்தையெல்லாம் நாங்கள் தாண்டிவிட்டிருந்தோம்.

எங்கள் மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பெயர். பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், அதனால் வந்த பெயர். பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் குளிப்பாட்டினார். அப்புறம் தன் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார்.

“சார், என் கண்ணு முன்னாடி ஒழுங்கா ஓடுது. வாத்தியாரு வீட்டுக்கு வந்தா அடங்கி உட்காருமே, அந்த மாதிரிப் பிள்ளை இது.”

“அப்போ தப்பு என் வளர்ப்புலயா?”

“நான் அப்படிச் சொல்லல சார்” என்றார், அப்படியே சொல்லும் குரலில்.

என் மைத்துனரிடம், அதாவது மனைவியின் அண்ணனிடம், இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. எதற்கும் தீர்வு வைத்திருப்பார், பல சமயம் பிரச்சினை வருவதற்கு முன்பே. பெட்ரோல் பங்கில் எங்கள் பழைய மூடி தொலைந்து, நான் டாங்கின் வாயில் துணியைச் சுருட்டி வைத்திருந்தபோது, “அசிங்கமா இருக்கு மாப்ள” என்று பூட்டுப் போட்ட புது மூடி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இப்போது காருக்கே ஒரு தீர்வோடு வந்தார். ஓட்டல் முதலாளி ஒருவர் எங்கள் காரைக் கேட்கிறாராம்.

“ஓட்டறதுக்கா?” என்றேன் ஆச்சரியமாக.

“சேச்சே. வாசல்ல நிறுத்தி, பானெட்டைத் திறந்து வச்சு, இன்ஜினை எடுத்துட்டு மண்ணைக் கொட்டிப் பூச்செடி நடப் போறார். இப்போ அதான் ஃபேஷன். தங்கச்சிக்கு ஆபீஸ்ல வேன் விடுறாங்க. ஜம்முனு வந்துடுவா. நீங்களும் நிம்மதியா பஸ்ல போங்க.”

எனக்கு உறுத்தியது அந்த வேன்தான். பூச்செடிமேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை.

விஷயம் இதுதான். நாள் முழுக்க அடுத்தவர் வசவைக் காதில் வாங்குகிறவள், காரில் ஏறியதும் கொஞ்ச தூரம் வாயே திறக்கமாட்டாள். நானும் திறக்கமாட்டேன். மார்க்கெட் திருப்பம் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவாள். அப்புறம் பேச ஆரம்பிப்பாள். அன்று திட்டியவர்களை அவரவர் குரலிலேயே பேசிக் காட்டுவாள். வீட்டு வாசலுக்கு வந்தபிறகும் கதை முடியாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். வீட்டுக்குள் போனால் அடுப்பு, துவைக்கிற துணி, டிவி. அங்கே நாங்கள் பேசுவதெல்லாம் உப்பு போதுமா, கதவு சாத்தியாச்சா என்பதோடு சரி. வேனில் வந்தால் அந்தக் கதைகளைப் பக்கத்து இருக்கைக்காரி கேட்பாள். எனக்கு உப்பு மட்டும்தான் மிஞ்சும்.

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நான், “அந்தக் காலத்து இரும்பு மச்சான், இப்போ கிடைக்காது” என்றேன்.

மனைவி தீர்ப்புச் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை ஏரி வரைக்கும் போயிட்டு வருவோம். நின்னாலும் பரவாயில்ல, தானா கிளம்பிடணும். தள்ளுற நிலைமை வந்தா குடுத்துடலாம். எனக்கும் முடியலங்க.”

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் ஓட்டல் முதலாளியோடு வந்துவிட்டார். முதலாளி காரைச் சுற்றி வந்து பானெட்டைச் சாண் போட்டு அளந்தார். “டிக்கியில மல்லிக்கொடி ஏத்தலாம்” என்றார். முந்தின நாள்தான் டாங்கை நிரப்பியிருந்தோம். இருந்தாலும் மனைவி வழக்கம்போல மூடியைத் திறந்து, காதை வைத்து, இடுப்பால் ஓர் இடி இடித்தாள்.

நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது. “பெட்ரோலை இடுப்பால அளக்குற ஒரே ஆள் என் பொண்டாட்டிதான். அடுத்தது டயர்ல காத்து இருக்கானு கடிச்சுப் பாப்பா” என்றேன்.

மைத்துனர் தொடையைத் தட்டிச் சிரித்தார். முதலாளி மரியாதைக்குச் சிரித்தார். மனைவி மூடியைப் பூட்டினாள், சாவியைப் பைக்குள் போட்டாள், பையின் ஜிப்பை இழுத்தாள். “இனிமே நான் தொடல” என்றாள். ஜிப்பின் சத்தத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதலாளி முன்சீட்டில், அண்ணனும் தங்கையும் பின்சீட்டில். கார் அன்று பறந்தது. நான் விசிலடித்தேன். முதலாளியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. ஏரி கண்ணில் பட்டதும், “இரும்புன்னா இது இரும்பு” என்று ஆரம்பித்தேன். இரும்பு இரண்டு தடவை செருமியது. குலுங்கியது. அமைதி.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மனைவி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறவிட்டா போதும்” என்றேன். ஆறவிட்டோம். சாவியைத் திருப்பினேன். உறுமியது, பற்றவில்லை. பானெட்டைத் திறந்தோம். மைத்துனர் அதற்குள் விரலை விட்டுச் சுட்டுக்கொண்டார். டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். அவர் சொன்னபடி வயர்களை ஆட்டினேன், பிளக்கை அமுக்கினேன், மறுபடி திருப்பினேன். கார் மசியவில்லை. போனை அணைக்காமல் பானெட்டின் ஓரமாக வைத்தேன்.

முதலாளியின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. “லாரிக்குச் சொல்லட்டுமா? பெயிண்ட் கீறாம தூக்கிடலாம்” என்றார் மென்மையாக.

மைத்துனர் சட்டைக் கையை மடித்தார். “தள்ளிப் பாக்கலாம் மாப்ள.”

“தள்ள வேண்டாம்” என்றேன். தள்ளினால் கார் போயிற்று, காரோடு அந்தச் சாயங்காலப் பேச்சும் போயிற்று.

கடையில் ஒருவர் வந்து, நேற்றுவரை தெரிந்தது, இன்றைக்குத் தெரியவில்லை என்றால் நான் பதறமாட்டேன். ஒவ்வொரு லென்ஸாக எடுத்துப் பார்ப்பேன். அதே மாதிரி யோசித்தேன். நின்ற ஒவ்வொரு தடவையும் இருந்து, இன்றைக்கு மட்டும் இல்லாதது எது? ஆறவிட்டதில் குறையில்லை. மனசுக்குள் திட்டியதிலும் குறையில்லை. ஹாரன்கூட ஒருவர் அடித்துவிட்டுப் போனார். இல்லாதது ஒன்றுதான். அது பின்சீட்டில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கே கூச்சமாக இருந்தது. இடுப்புக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் ஜன்னலருகே போய் நின்றேன்.

“கொஞ்சம் இறங்கேன்.”

“எதுக்கு? டயரைக் கடிக்கவா?”

“மூடியைத் திறந்து எப்பவும்போல ஒரு இடி இடிச்சுடேன்.”

“ஃபுல் டாங்குக்கு எதுக்கு இடி? நீங்கதான் பெரிய சிரிப்பு நடிகராச்சே. இன்னொரு ஜோக் சொல்லுங்க, கிளம்புதானு பாக்கலாம்.”

“தப்புதான்” என்றேன் மெதுவாக.

“கேக்கல.”

“நான் சொன்னது தப்புதான். அத்தனை பேர் முன்னாடி கேலி பண்ணிருக்கக் கூடாது.” ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று மிச்சத்தையும் கொட்டிவிட்டேன். “வேன்ல போகாத. நீ பேசுறதைக் கேக்க எனக்கு வேற இடம் கிடையாது.”

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அண்ணாவுக்குக் கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சும்மா” என்றார் மைத்துனர், சட்டைக் கையை இறக்கிவிட்டபடி. முதலாளி தனக்கும் கேட்டதாகத் தலையை ஆட்டினார்.

இறங்கினாள். சாவியைப் போட்டு மூடியைத் திருகினாள். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஒருவழியாகக் கிளம்பியதும் நாம் விடுவோமே, அந்த மூச்சு. காதை வைத்தாள். இடித்தாள். “இருக்கு” என்றாள்.

நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பற்றிக்கொண்டது. பானெட் ஓரத்திலிருந்து டாக்டரின் குரல் கேட்டது. “சார், அது என்ன சார் சத்தம், உஸ்ஸுனு?”

“அவ பெட்ரோல் மூடியைத் திறந்தா” என்றேன்.

“அது எப்பவும் அப்படித்தான் மூச்சு விடும்” என்றாள் மனைவி.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே. உள்ள உட்கார்ந்து ஆறவிட்டுட்டு இருந்தீங்க.”

போனில் டாக்டர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தார். “பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள்ள காத்து போகணும் அக்கா. அதுக்குத்தான் இந்த மாதிரிப் பழைய வண்டியில மூடியிலேயே சின்ன ஓட்டை இருக்கும். காத்து போகலைன்னா பெட்ரோல் வெளிய வராது, இன்ஜின் நின்னுடும். நீங்க திறந்தா உடனே சரியாயிடும், இல்லன்னா காத்து கசிஞ்சு உள்ள போக ரொம்ப நேரம் ஆகும். என் தெரு இரண்டு சுத்துல அது எங்க நிக்கப் போகுது? நான் காயிலை மாத்தினேன், பிளக்கை மாத்தினேன், மூடியை மட்டும் பாக்கல. அந்த மூடி யார் வாங்கினது?”

எல்லோரும் மைத்துனரைப் பார்த்தோம்.

“நல்ல மூடிதான்” என்றார் அவர். “உள்ள பொட்டுக் காத்து போகாதுன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணான்.”

திரும்பும் வழியில் முதலாளி மட்டும், “அப்போ பூச்செடிக்கு?” என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது அவருடைய ஓட்டல் வாசலில் மைத்துனரின் பழைய ஸ்கூட்டர் நிற்கிறது. சீட்டில் ரோஜா நன்றாகப் பிடித்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம், அலுவலகத்திலிருந்து அவளை அழைத்துவரும் வழியில், டாக்டர் மூடியில் மெல்லிய ஓட்டை ஒன்று போட்டுக் கொடுத்தார். காதை வைத்துக் கேட்கக்கூட இல்லை, பாவம். பரிகாரமாக ஏதாவது செய்யவேண்டும் என்று தவித்தார். “சார், அந்தப் பெட்ரோல் முள்ளையும் சரிபண்ணித் தரேன். சரியா காட்டும். அக்கா இறங்கவே வேண்டாம்.”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மார்க்கெட் திருப்பம் இன்னும் வரவேயில்லை, செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

“வேண்டாம் தம்பி, அது பாட்டுக்குப் பாதியிலேயே இருக்கட்டும்” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “நீங்க வண்டியை எடுங்க. இன்னிக்கு ஒருத்தர் போன் பண்ணார் பாருங்க.”